முதுகும் முகமும்: ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தைப் பார்த்தல்

பாப்லோ பிக்காசோ 1907-இல் வரைந்த ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ ஓவியத்தின் வலது கீழ்மூலையில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். முதுகை நமக்குக் காட்டி, தொடைகளை அகட்டி, ஓவியத்தின் உட்புறத்தை நோக்கி அவள் அமர்ந்திருக்கிறாள். ஆனால் அவளுடைய முகம் முழுவதுமாக நம் பக்கம் இருக்கிறது. அவள் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறாள் என்று எழுதிவிட்டுக் கடந்துபோக முடியாது. திருப்புவதற்கு அங்கே கழுத்து வரையப்படவே இல்லை. கொடுவாள்போல வளைந்த ஒரு கை அந்த முகத்தின் மோவாயைத் தாங்கி நிற்கிறது. அந்தக் கை எந்தத் தோளிலிருந்து கிளம்புகிறது என்று கண்ணால் தொடர்ந்து செல்கிறவர்கள் பாதி வழியிலேயே தடத்தை இழப்பார்கள். கண்கள் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. மூக்கு ஒரு பக்கமாக வழிந்து இறங்குகிறது. ஐந்து பெண்கள் இடம்பெற்ற அந்தப் பெரிய கித்தானில் ஒவ்வொரு முறையும் நான் முதலில் தேடிப்போவது இவளைத்தான். கியூபிசம் என்று பின்னால் பெயர்பெற்ற ஓவிய முறையில் பெண்களின் உடல் ஏன் அப்படி உடைக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை, இவளுடைய இல்லாத கழுத்தில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

ஓவியத்தை முழுதாக ஒருமுறை பார்த்துவிடுவோம். உயரம் ஏறத்தாழ 244 செ.மீ., அகலம் 234 செ.மீ.; அதாவது நெடிதுயர்ந்த ஓர் ஆளையும் தாண்டி எழும் சதுரத்தை ஒட்டிய பரப்பு. இடக்கோடியில் ஒரு பெண் பழுப்புச் சிவப்புத் திரையை விலக்கியபடி நிற்கிறாள். அவளுடைய முகம் பக்கவாட்டில் இருந்தாலும் கண் மட்டும் நேரே பார்ப்பதுபோல் வரையப்பட்டிருக்கிறது. பண்டைய எகிப்தியச் சித்திரங்களில் காணும் முறை அது. நடுவில் இருக்கும் இருவரும் கைகளைத் தலைக்குப் பின்னால் உயர்த்தியிருக்கிறார்கள். ஐரோப்பிய நிர்வாண ஓவியத்தில் நூற்றாண்டுகளாகப் புழங்கிவந்த, பார்ப்பவரை அழைக்கும் நிலை அது. ஆனால் அந்த முகங்களில் அழைப்பு இல்லை. பெரிய வாதுமைக் கண்கள், நேர்முகத்தின் நடுவே பக்கவாட்டில் செருகிய மூக்கு, பெரிய காது. வலது மேற்புறத்தில் நீலத் திரைகளின் கூர்மையான மடிப்புகளுக்கு இடையே இன்னொருத்தி உள்ளே நுழைகிறாள். அவளுடைய முகம் பச்சைக் கோடுகள் கீறிய முகமூடி. அவளுக்குக் கீழேதான் நம்முடைய குந்தியிருக்கும் பெண். முன்புறத்தில், கூர்முனை உள்நோக்கிக் குத்தும் ஒரு மேசையில், ஒரு முலாம்பழத் துண்டும் திராட்சையும் சில பழங்களும் கிடக்கின்றன. ஐந்து உடல்களுக்கும் இடையே காற்றோட்டத்துக்குக்கூட இடமில்லை. திரைத்துணியும் தசையும் ஒரே கூர்மையோடு வெட்டப்பட்டிருப்பதால், எது முன்னால் இருக்கிறது, எது பின்னால் இருக்கிறது என்பதைப் பல இடங்களில் நாமே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இந்தப் பெண்கள் இருக்கும் இடம் ஒரு பாலியல் விடுதி. பிக்காசோவின் இளமைக்கால நகரமான பார்சலோனாவில் அவின்யோ என்ற தெரு இருக்கிறது. அவருடைய மனதில் இருந்த இடம் அதுதான் என்று கொள்ளப்படுகிறது. ‘பெண்கள்’ என்ற நாகரிகமான தலைப்பை அவர் வைக்கவில்லை. 1916-இல் பாரிஸில் ஓவியம் முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தபோது அவருடைய நண்பர், கவிஞர் ஆந்த்ரே சல்மோன் சூட்டிய பெயர் அது. பிக்காசோவுக்கு அந்தத் தலைப்புக் கடைசிவரை பிடிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அந்தக் கித்தான் அவருடைய பணிக்கூடத்திலேயே இருந்தது. மோன்மார்த்தர் குன்றில் ‘பத்தோ லவுவார்’ என்ற இடிபாடான கட்டடத்தில் இருந்த அந்தக் கூடத்துக்கு வந்து பார்த்த நண்பர்கள்கூட அதை ஏற்கவில்லை. அவர் நம்மை மண்ணெண்ணெய் குடிக்கச் சொல்கிறார் என்ற பொருளில் ஓவியர் ஜார்ஜ் பிராக் பேசியதாகக் கூறப்படுகிறது. அதே பிராக் அடுத்த சில மாதங்களில் தன் ஓவிய முறையையே மாற்றிக்கொண்டார். 1908-இன் இறுதியில் பிராக்கின் ஓவியங்களைப் பற்றி எழுதிய விமர்சகர் லூயி வோசெல், எல்லாமே கனசதுரங்களாக்கப்பட்டுவிட்டன என்று குறைகூறியதிலிருந்துதான் கியூபிசம் என்ற பெயர் பிறந்தது. ஆகவே 1907-இல் பிக்காசோ ‘கியூபிச ஓவியம்’ ஒன்றை வரைய உட்காரவில்லை. அப்படி ஒரு வகை இன்னும் உருவாகியிருக்கவில்லை.

கியூபிசத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் நமக்குத் தெரிந்ததுதான்: ஒரு பொருளை ஒரே இடத்தில் நின்று பார்க்காமல், பல கோணங்களில் பார்த்தவற்றை ஒரே பரப்பில் சேர்த்து வைக்கும் முறை. இது தவறான விளக்கம் அல்ல. ஜான் மெட்சிங்கே 1911-இல் வரைந்த ‘தேநீர் வேளை’ ஓவியத்தில் ஒரு கோப்பையின் ஒரு பாதி பக்கவாட்டிலிருந்தும் மறுபாதி மேலிருந்தும் தெரிகிறது. அதை வைத்துச் சில நிமிடங்களில் இந்த முறையை யாருக்கும் புரியவைத்துவிடலாம். ஆனால் அந்தக் கோப்பையின் முன் அமர்ந்திருப்பவள் ஆடை களைந்த ஒரு பெண் என்பதை விளக்குபவர்கள் பெரும்பாலும் கடந்துபோய்விடுகிறார்கள். கோப்பையைப் பல கோணங்களில் பார்ப்பதும் ஒரு பெண்ணின் உடலைப் பல கோணங்களில் பார்ப்பதும் ஒரே செயல்தானா? கோப்பை திரும்பிப் பார்ப்பதில்லை. ‘பல கோணங்கள்’ என்ற சொற்றொடர் யார் பார்க்கிறார், எதைக் காண விரும்பிப் பார்க்கிறார் என்ற கேள்வியை மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் வடிவியல் பாடமாக ஆக்கிவிடுகிறது. அந்தப் பாடத்தில் எனக்கு எப்போதும் மனநிறைவு ஏற்பட்டதில்லை.

பிராக் ஒருமுறை இதை மறைக்காமல் சொல்லிவிட்டார். அமெரிக்க எழுத்தாளர் ஜெலட் பர்ஜஸ் பாரிஸின் புதிய ஓவியர்களைச் சந்தித்து எழுதிய கட்டுரை 1910-இல் வெளியானது. அதில் பிராக் வரைந்த ஒரு கோட்டோவியம் இடம்பெற்றது: ஒரே பெண் மூன்று உருவங்களாக நிற்கிறாள். ஒரு வீட்டைக் காட்டத் தரைப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம் என்று மூன்று தேவைப்படுவதைப்போல, ஒரு பெண்ணின் உடல்தோற்றம் முழுவதையும் காட்ட மூன்று உருவங்கள் தேவைப்பட்டன என்று பிராக் விளக்கியிருக்கிறார். பெண்ணும் வீடும் அங்கே ஒரே தட்டில் வைக்கப்படுகின்றன. சுற்றிவந்து எல்லாப் பக்கத்தையும் அளந்துகொள்ள வேண்டிய ஒன்று என்ற அந்த எண்ணம் புதியதன்று; கியூபிசத்தைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

1554-இல் டிஷியான், ஸ்பெயினின் இளவரசர் பிலிப்புக்கு ‘வீனசும் அடோனிசும்’ ஓவியத்தை அனுப்பிவைத்து எழுதிய கடிதத்தில், முன்பு அனுப்பிய ‘டானயே’ ஓவியத்தில் பெண் உடல் முன்புறமாகத் தெரிந்ததால், இப்போது வேறுபாட்டுக்காக மறுபுறத்தைக் காட்டியிருப்பதாகக் குறிப்பிடுகிறார். இரண்டும் ஒரே அறையில் தொங்கும்போது பிலிப்பின் கண் ஓர் உடலைச் சுற்றிவந்த நிறைவைப் பெறும். அதற்கு அடுத்த நூற்றாண்டில் வெலாஸ்கெஸ் இரண்டாவது கித்தானுக்குத் தேவையில்லாமல் செய்தார்: வீனஸ் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், சிறகுள்ள சிறுவன் ஒரு கண்ணாடியைப் பிடித்திருக்கிறான், கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிகிறது. முதுகும் முகமும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிட்டன. 1814-இல் ஆங்கர் கண்ணாடியையும் அகற்றினார். அவருடைய ‘பெரிய ஓடலிஸ்க்’ ஓவியத்தில் அந்தப்புரப் பெண் நீண்ட முதுகை நம் பக்கம் வைத்து, தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள். அந்த முதுகெலும்பில் மூன்று எலும்புகள் கூடுதலாக இருக்கின்றன என்று அக்கால விமர்சகர்கள் குறை சொன்னார்கள். முதுகு முழுவதும் தெரிய வேண்டும், முகமும் நம்மை நோக்க வேண்டும், ஆனால் எங்கேயும் திருகல் தெரியக் கூடாது என்பதற்காகவே ஆங்கர் அந்த உடலை நீட்டினார். பொய் இருக்கிறது, ஆனால் பளிங்குபோன்ற தோல் அதை மூடிவிடுகிறது.

இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால், பிக்காசோவின் குந்தியிருக்கும் பெண் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பது தெளிவாகிறது. அதே முதுகு, அதே முகம், அதே தேவை. வேறுபாடு என்னவென்றால், டிஷியானிடம் இரண்டாவது கித்தானாகவும் வெலாஸ்கெஸிடம் கண்ணாடியாகவும் ஆங்கரிடம் நீட்டிய முதுகெலும்பாகவும் இருந்த மறைப்பு இங்கே இல்லை. ஒரு முதுகின்மேல் ஒரு முகம் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கழுத்து இல்லை. இணைப்பு நடக்க முடியாது என்பது அப்பட்டமாகத் தெரியும்படி விடப்பட்டிருக்கிறது. எல்லாப் பக்கத்தையும் ஒரே நேரத்தில் காண வேண்டும் என்ற ஆசை ஓர் உடலை என்ன செய்யும் என்பதை அந்த ஆசையின் வாரிசு ஒருவரே வரைந்து காட்டிவிட்டார். அவர் அதை விமர்சனமாகச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய நோக்கம் எதுவாக இருந்தாலும் கித்தானில் நடந்திருப்பது இதுதான்.

பெண்ணுடலைச் சுற்றிவந்து பார்க்கும் இந்த ஆசையின் வரலாற்றையும், பிக்காசோ வாழ்நாள் முழுவதும் அதைத் துரத்தியதையும் விரிவாக எழுதியவர் கலை வரலாற்றாளர் லியோ ஸ்டைன்பர்க். அவரிடமிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் பெண்ணை முழுமையாகக் கைக்கொள்ளும் வேட்கையாக அவர் அதைக் காணும் இடத்தில், நான் கைக்கொள்ள முடியாமற்போவதைத்தான் காண்கிறேன். 1907-இன் பெண்ணிடம் எல்லாப் பக்கமும் இருக்கிறது, ஒரு முழு உடல் மட்டும் இல்லை. பார்ப்பவருக்கு எதுவும் முழுதாகக் கிடைக்கவில்லை.

ஸ்டைன்பர்க்கின் 1972-ஆம் ஆண்டுக் கட்டுரை இந்த ஓவியத்தைப் பற்றிய பேச்சையே மாற்றியது என்று சொல்வது மிகையாகாது. அதுவரை ஓவியத்துக்கு முந்திய நூற்றுக்கணக்கான முன்வரைவுகளைப் பலரும் வெறும் பயிற்சிகளாகவே கருதிவந்தார்கள். அவற்றில் தொடக்கத்தில் இருந்தவர்கள் ஏழு பேர்: ஐந்து பெண்களும் இரண்டு ஆண்களும். நடுவில் ஒரு மாலுமி அமர்ந்திருந்தான். இடப்பக்கத்தில், இப்போது திரையை விலக்கும் பெண் நிற்கும் இடத்தில், கையில் ஒரு மண்டையோட்டையோ புத்தகத்தையோ ஏந்தியபடி ஒரு மருத்துவ மாணவன் உள்ளே நுழைந்துகொண்டிருந்தான். அந்த நிலையில் ஓவியம் ஒரு கதையாக இருந்தது: இன்பம் தேடி வந்தவன் ஒருவன், சாவை நினைவூட்டுபவன் ஒருவன், இருவருக்கும் நடுவே பெண்கள். பாசல் நகர அருங்காட்சியகத்தில் உள்ள முன்வரைவில் இந்த ஏழு பேரையும் பார்க்கலாம். பிறகு மாணவன் மறைந்தான், மாலுமியும் மறைந்தான். பெண்கள் மட்டும் எஞ்சினார்கள். முன்பு உள்ளே வந்த ஆண்களை நோக்கியிருந்த கவனமெல்லாம் கித்தானுக்கு வெளியே திரும்பியது. அறைக்குள் இருந்த ஆண் போய்விட்டதால் அவனுடைய இடம் ஓவியத்துக்கு முன்னால், அதாவது பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கு நகர்ந்துவிட்டது என்பது ஸ்டைன்பர்க்கின் வாதம்.

இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் குந்தியிருக்கும் பெண்ணின் நிலை சட்டென்று விளங்குகிறது. அவள் முதலில் அறைக்குள் இருந்த மாலுமியைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள். நமக்கு முதுகுதான் காட்டியிருந்தாள். மாலுமி போனபின் பார்க்கப்பட வேண்டியவர் அவளுக்குப் பின்னால் வந்துவிட்டார். உடல் பழைய கதையிலேயே தங்கிவிட, தலை மட்டும் புதிய கதைக்குத் திரும்பிவிட்டது. பல கோணங்களை ஒரே பரப்பில் சேர்க்கும் முறை ஒரு கணிதச் சிந்தனையிலிருந்தோ, அறிவியல் கொள்கையிலிருந்தோ இந்தக் கித்தானில் இறங்கவில்லை. யாரை நோக்கி இந்தப் பெண்கள் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஓவியர் நடுவழியில் விடையை மாற்றியதால் உண்டான முறிவு அது. பிக்காசோவின் ஓவிய வணிகராக இருந்த கான்வைலர், கியூபிசத்தின் தொடக்கம் இந்த ஓவியத்தின் வலப்பக்கம்தான் என்று பிற்காலத்தில் எழுதினார். அவர் வடிவத்தைக் கருதிச் சொன்னதை நான் பார்வையைக் கருதியும் ஒப்புக்கொள்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு தடை எழுகிறது. நான் ஒரு பெண். அறையை விட்டு வெளியேறிய மாலுமியின் இடத்தில் என்னை நிறுத்தும் விளக்கத்தை எப்படி ஏற்பது? ‘நாம்தான் அந்த வாடிக்கையாளர்’ என்று எழுதும்போது அந்த ‘நாம்’ யாரைக் குறிக்கிறது என்று யோசிக்காமலேயே எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. 1980-களின் இறுதியில் கலை வரலாற்றாளர் கேரல் டங்கன் இந்தக் கேள்வியை நேரடியாக எழுப்பினார்: நவீன கலை அருங்காட்சியகங்களின் சுவர்களில் அச்சமூட்டும் பெண்ணுருவங்கள் இத்தனை முக்கியமான இடங்களில் தொங்கும்போது, அந்த அறை ஆண் பார்வையாளருக்காகவே ஒழுங்குசெய்யப்பட்டதாகிவிடுகிறது, உள்ளே வரும் பெண்ணுக்கு வேறு விதமான இடமே கிடைக்கிறது என்றார். 1939 முதல் இந்த ஓவியம் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் குறிப்பிட்ட சுவர்களில் தொங்கும் ஓவியங்களில் இதுவும் ஒன்று.

டங்கனின் வாதம் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆயினும் அந்தக் கித்தானின் முன் எனக்கு நேர்வது அவர் சொல்வதோடு முழுதும் பொருந்தவில்லை. நடுவில் நிற்கும் இருவரின் கண்களைச் சந்திக்கும்போது, அவர்கள் என்னை வாடிக்கையாளராக எண்ணி மதிப்பிடுகிறார்கள் என்று தோன்றுவதில்லை. பார்வையாளர் யார் என்பதில் அவர்களுக்கு அக்கறையே இல்லை என்றுதான் தோன்றுகிறது. தொழிலின் காரணமாகக் கைகளை உயர்த்தி நிற்கிறார்கள். முகத்தை அந்தத் தொழிலுக்குக் கொடுக்கவில்லை. மானேயின் ‘ஒலிம்பியா’ 1865-இல் பாரிஸ் காட்சியில் ஏற்படுத்திய கொந்தளிப்பும் இதனால்தான்: படுத்திருந்த பெண் வந்தவரை நேருக்குநேர், எந்த இளக்கமும் இல்லாமல் பார்த்தாள். அந்த ஓவியம் லூவர் அருங்காட்சியகத்துக்குள் இடம்பெற்று, ஆங்கரின் ‘பெரிய ஓடலிஸ்க்’ ஓவியத்துக்கு இணையாகத் தொங்கவிடப்பட்டது 1907-இல். பிக்காசோ தன் குறிப்பேடுகளில் ஐந்து பெண்களை வரைந்து வரைந்து திருத்திக்கொண்டிருந்ததும் அந்த ஆண்டில்தான். திரும்பிப் பார்க்கும் அந்தப்புரப் பெண்ணும் நேரே பார்க்கும் விலைமகளும் ஒரே அறையில் சேர்ந்திருந்த ஆண்டில், இருவரும் ஒரே கித்தானிலும் சேர்ந்தார்கள்.

முகமூடிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. வலப்பக்கத்து இரு தலைகளையும் இடக்கோடித் தலையையும் பிக்காசோ பின்னர் மாற்றி வரைந்தார். நடுவிலுள்ள இருவர் ஸ்பெயினின் பண்டைய ஐபீரியச் சிற்பங்களின் சாயல் கொண்டவர்கள். அத்தகைய சிற்பங்கள் 1906-இல் லூவரில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. வலப்பக்கத்து முகங்களுக்கு ஆப்பிரிக்க முகமூடிகளைத்தான் எல்லோரும் காரணம் காட்டுகிறார்கள். பிக்காசோ இதில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசியவர். 1920-இல் ஆப்பிரிக்கக் கலையா, தெரியாதே என்றவர், பிற்காலத்தில் எழுத்தாளர் ஆந்த்ரே மால்ரோவிடம், பாரிஸின் ட்ரோக்காதேரோ இனவியல் அருங்காட்சியகத்தில் தனியே நின்ற அனுபவத்தை விவரித்து, தீய சக்திகளை விரட்டும் தன் முதல் ஓவியம் இதுவே என்றார். குறிப்பிட்ட எந்த முகமூடியையும் அவர் அப்படியே நகலெடுத்ததாகக் காட்ட முடியவில்லை.

எனக்கு உறுத்துவது நகலெடுத்தாரா இல்லையா என்பது அல்ல. அந்த முகமூடிகள் அவற்றைச் செய்த மக்களிடையே சடங்குக்கும் நீதிக்கும் மூதாதையர் நினைவுக்கும் உரியவை. அவற்றுக்குரிய உடையும் இசையும் அசைவும் உண்டு. குடியேற்ற ஆட்சி அவற்றைப் பெயர்த்தெடுத்து ஒரு தூசிபடிந்த கூடத்தில் அடுக்கியபோது, அவை அச்சமூட்டும் பொருள்களாக மட்டும் ஒரு ஐரோப்பிய இளைஞரின் கண்ணில் பட்டன. அந்த அச்சத்தை அவர் கொண்டுபோய்ப் பொருத்திய இடம் பெண்ணின் முகம். ஆகவே வலப்பக்கத்தில் இரண்டு அந்நியங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டிருக்கின்றன. ஓவியத்தின் துணிச்சலைப் போற்றுகிறவர்கள் இந்தச் சுமையையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்று கருதுகிறேன். துணிச்சல் மெய்யானது, சுமையும் மெய்யானது.

அடுத்த ஆண்டில் அவர் முடித்த ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். இப்போது ரஷ்யாவின் ஹெர்மிட்டாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அதுவும் பெரிய கித்தான்தான். சுட்ட செங்கல் நிறமும் பச்சையும் கலந்த மூன்று உடல்கள், ஒரே பாறையிலிருந்து செதுக்கி எடுத்தவைபோல் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கின்றன. கூர்மையான முறிவுகள் இல்லை; ஒருத்தியின் முழங்கையும் அடுத்தவளின் தோளும் ஒரே தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. எனக்குப் பெரிதாகப் படுவது அவர்களுடைய கண்கள். அவை மூடியிருக்கின்றன, அல்லது மூடியவைபோல் இருக்கின்றன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. கியூபிசம் ஒரு ஒழுங்கான முறையாக நிலைபெற்ற அதே வேளையில், பெண்ணின் திரும்பிப் பார்க்கும் பார்வை ஓவியத்திலிருந்து விலகிவிட்டது. முந்தைய ஓவியத்தைவிட இது இணக்கமானது, அமைப்பில் உறுதியானது. ஆனால் என்னிடம் எதையும் கேட்காத ஓவியம்.

1909-இல் அவர் தம் துணைவி பெர்னாந்த் ஒலிவியேயின் தலையைச் சிற்பமாகச் செய்தார். சிற்பத்தைச் சுற்றிவர எவருக்கும் தடையில்லை. எல்லாப் பக்கமும் இயல்பாகவே கிடைக்கின்றன. அப்படியிருந்தும் கன்னத்தையும் கழுத்தையும் மேடுபள்ளமான துண்டங்களாக வெட்டினார். பல கோணங்களைச் சேர்ப்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் அதற்கு அங்கே தேவையே இல்லை. உடைப்பது ஒரு மொழியாக அவரிடம் நிலைத்துவிட்டது என்பதற்கு அந்தத் தலை சான்று.

1910-இல் வரைந்த ‘மாண்டலின் ஏந்திய பெண்’ ஓவியத்தில் அந்த மொழி எவ்வளவு தூரம் போயிற்று என்று பார்க்கலாம். பழுப்பும் சாம்பலும் மட்டுமே கொண்ட அந்தக் கித்தானில் தலை ஏறக்குறைய ஒரு பெட்டி. மார்பின் வளைவும் முழங்கையும் மாண்டலினின் உருண்டையும் மட்டும் இன்னும் பழைய உலகத்தோடு தொடர்பு வைத்திருக்கின்றன. இதற்கு பானி தெலியே என்ற பெண் பிக்காசோவின் முன் அமர்ந்தார். அந்தக் காலத்தில் தொழில்முறை மாடலை வைத்து அவர் வரைவது அரிது. பல அமர்வுகளுக்குப் பிறகு அந்தப் பெண் வருவதை நிறுத்திக்கொண்டதால் ஓவியத்தை அந்த நிலையிலேயே அவர் விட்டுவிட்டார் என்று சொல்லப்படுகிறது. இந்தச் செய்தி எனக்கு அந்த ஓவியத்தின் பொருளையே மாற்றிவிட்டது. தளங்களாகவும் கோடுகளாகவும் மட்டுமே பேசப்படும் ஒரு படைப்பின் எதிர்ப்புறத்தில், முதுகு வலிக்க உட்கார்ந்திருந்த ஒருவர் இருந்தார்; போதும் என்று அவர் முடிவெடுத்த இடத்தில் தூரிகையும் நின்றது. கியூபிச ஓவியங்களில் பெண்களின் பங்கு என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் செய்தி இது.

‘அவிஞ்ஞோன் பெண்கள்’ யார் யார் என்று பிக்காசோ ஒருமுறை வேடிக்கையாகச் சொன்னதுண்டு: ஒருத்தி நண்பர் மாக்ஸ் ஜாக்கோபின் பாட்டி, இன்னொருத்தி பெர்னாந்த், மற்றொருத்தி மாரி லோரன்சேன். மூவரையும் விடுதியில் நிறுத்திச் சிரிப்பது நண்பர் குழுவின் கேலி. ஆனால் அந்தப் பெயர்களில் கடைசியில் வருபவர் ஓவியர். 1911-இல் பாரிஸின் சுயேச்சைக் கலைஞர் காட்சியில், கியூபிசத்தைப் பொதுமக்கள் முதன்முதலாக ஒரு குழுவின் படைப்பாகக் கண்ட 41-ஆம் அறையில், அவருடைய படைப்புகளும் இருந்தன. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1908-இல், ‘கலைஞர் குழு’ என்ற ஓவியத்தில் அவர் அதே நண்பர்களை வரைந்திருந்தார்: கவிஞர் அப்போலினேர், பெர்னாந்த், பிக்காசோ, கூடவே தாமும். அமெரிக்க எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைன் அதை விலைகொடுத்து வாங்கினார். இன்று பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த ஓவியத்தில் யாரும் ஆடை களையவில்லை, யாருடைய உடலும் துண்டாக்கப்படவில்லை. பிக்காசோவை லோரன்சேன் பக்கவாட்டில், ஒரே ஒரு கோணத்தில் வரைந்திருக்கிறார். அவரைச் சுற்றிவந்து பார்க்க வேண்டிய தேவை லோரன்சேனுக்கு இருக்கவில்லை.